தைராய்டு கட்டிக்கு வீடியோவில் டாக்டர்: வேலூர்ப் பக்கத்தில் எது பயன், எது வீண்

கழுத்தில் கட்டி என்று தெரிந்ததும் குடியாத்தத்திலோ ஆலங்காயத்திலோ இருப்பவர் முதலில் செய்வது வேலூருக்கு பஸ் ஏறுவதுதான். சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஐடா ஸ்கடர் ரோட்டில் இறங்கினால் வங்காளம், அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து வரிசை. பரிசோதனை எழுதி வாங்க ஒரு நாள், ரிசல்ட்டைக் காட்ட இன்னொரு நாள் என்று கூலி போகும். இந்த அலைச்சலில் பாதியை வீடியோ ஆலோசனை மிச்சப்படுத்தும். ஆனால் கையில் நல்ல ஸ்கேன் ரிப்போர்ட் இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்த டாக்டரைக் கூப்பிட்டாலும் "ஸ்கேன் எடுத்துவிட்டு வாங்க" என்பதே பதிலாக வரும்.

தைராய்டு கட்டி இந்த முறைக்கு ஓரளவு தோதான நோய். முடிவு எடுக்க உதவுபவை மூன்று: ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்), கழுத்து அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் எஃப்என்ஏசி என்னும் ஊசிப் பரிசோதனை. மூன்றுமே கடைசியில் காகிதமாக டாக்டர் முன் வருகின்றன. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதால், பலருக்குத் தேவைப்படுவது ரிப்போர்ட்டைச் சரியாகப் படித்துச் சொல்லும் ஒருவர்தான்.

முதலில் அரசின் வீடியோ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி. கட்டணம் கிடையாது. ஆப்பிலோ இணையதளத்திலோ செல்போன் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டு, நோயாளி விவரம் பதிந்து, மாநில ஓபிடியைத் தேர்ந்தெடுத்தால் டோக்கன் வரும். முறை வந்ததும் டாக்டர் வீடியோவில் வருவார். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டை இறக்கிக்கொள்ளலாம். தமிழில் பேச முடிவது பெரிய நிம்மதி. ஆனால் எதிரில் வருபவர் பெரும்பாலும் பொது மருத்துவர், பேசக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம். "இது கேன்சரா?" என்று அவரிடம் கேட்பதில் பயனில்லை. டிஎஸ்எச்சும் கழுத்து அல்ட்ராசவுண்டும் எழுதித் தரச் சொல்லுங்கள், எங்கே காட்ட வேண்டும் என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் இ-சஞ்சீவனி தாராளமாகப் போதும். பீஞ்சமந்தை போன்ற மலை ஊர்களில் சிக்னல் நிற்காது. அங்கே சொந்த போனோடு மல்லுக்கட்டாமல் அரசு நலவாழ்வு மையத்துக்குப் போய், அங்குள்ள பணியாளர் மூலம் டாக்டரோடு பேசும் வழி இருக்கிறதா என்று கேட்பது மேல். இ-சஞ்சீவனியில் அப்படியொரு தனிப் பிரிவே உண்டு.

தனியார் ஆப்களில் தரம் ஆளுக்கு ஆள் மாறும். பெயருக்குப் பின்னால் உள்ள பட்டத்தைப் பாருங்கள். எண்டோகிரைனாலஜி என்னும் ஹார்மோன் மருத்துவத்தில் டிஎம் முடித்தவரோ எண்டோகிரைன் சர்ஜரியில் எம்சிஎச் முடித்தவரோ இருந்தால் காசு கொடுக்கலாம். 2020 மார்ச் 25-ல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகளின்படி டாக்டரின் பதிவு எண் மருந்துச் சீட்டில் இருக்க வேண்டும். எண் இல்லாத சீட்டை மருந்துக் கடையில் நீட்டாதீர்கள். இன்னொன்று: டிஎஸ்எச் நார்மலாக இருந்தும் கட்டியைக் கரைக்க என்று தைராக்சின் என்னும் தைராய்டு ஹார்மோன் மாத்திரை எழுதினால், ஏன் என்று கேளுங்கள். நார்மல் ஆட்களுக்குக் கட்டியைச் சுருக்கவென்று அந்த மாத்திரையை வழக்கமாகக் கொடுப்பதை இன்றைய வழிகாட்டுதல்கள் ஆதரிப்பதில்லை. இதயப் படபடப்பும் எலும்புத் தேய்வும் வரலாம்.

பெரிய மருத்துவமனைகளின் வீடியோ ஆலோசனை ஏற்கெனவே அங்கே நோயாளி எண் வைத்திருப்பவருக்குத்தான் முழுப் பலன் தரும். பழைய ஸ்கேனும் ரத்த ரிப்போர்ட்டும் டாக்டரின் கணினியிலேயே இருக்கும், ஒப்பிடுவது சுலபம். புதிய கட்டியோடு வருபவர் முதல் முறை நேரில் போவதே நல்லது.

இனி ஸ்கேன். ஆலோசனையின் தரத்தை நிர்ணயிப்பது இதுதான். "வலது பக்கம் நாட்யூல் 2 செ.மீ." என்ற ஒற்றை வரி ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு சென்டரை விட்டு வெளியே வராதீர்கள். கட்டியின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் வேண்டும். திடமா, நீரா, கலப்பா? சுற்றியுள்ள தைராய்டைவிடக் கறுப்பாகத் தெரிகிறதா? ஓரம் வழுவழுப்பா, கரடுமுரடா? குறுக்குவெட்டில் அகலத்தைவிட உயரம், அதாவது ஆழம், கூடுதலா? உள்ளே பொடிப்பொடியாக வெண்புள்ளிகள் உண்டா? கழுத்து நெறிக்கட்டிகளைப் பார்த்தார்களா? இவற்றில் அளவையும் நெறிக்கட்டியையும் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவதுதான் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் 2017 டிராட்ஸ் முறை. திடமாக இருந்தால் 2, கறுப்பாக இருந்தால் 2, உயரம் கூடுதலானால் 3, பொடிப்புள்ளிகளுக்கு 3. மொத்தம் 3 வந்தால் டிஆர்3 வகை (எண் கூடக் கூடப் புற்றுநோய்ச் சந்தேகம் கூடும்), 4 முதல் 6 வரை டிஆர்4, 7-ம் அதற்கு மேலும் டிஆர்5. டிஆர்3 கட்டி 2.5 செ.மீ. ஆனால்தான் ஊசிப் பரிசோதனை, டிஆர்4-க்கு 1.5, டிஆர்5-க்கு 1 செ.மீ.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. ஐரோப்பியர்களுக்கும் ஒரு டிராட்ஸ் உண்டு, அதில் 3-ம் வகைக்கு ஊசிப் பரிசோதனை செய்யும் எல்லை 2 செ.மீ. உங்கள் கட்டி 2.2 செ.மீ. இருந்து, ரிப்போர்ட்டில் வெறுமனே "டிராட்ஸ் 3" என்று மட்டும் போட்டிருந்தால், ஒரு கணக்கில் ஊசி வேண்டும், இன்னொரு கணக்கில் வேண்டாம். வீடியோவில் பார்க்கும் டாக்டருக்கு எந்த முறை என்று தெரிய வழியே இல்லை. எந்த டிராட்ஸ் என்பதையும் எழுதித் தரும்படி ஸ்கேன் சென்டரில் கேளுங்கள். கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள்.

அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே சென்டரில் எடுங்கள். கட்டி வளர்ந்ததாகச் சொல்ல, குறைந்தது இரண்டு அளவுகளிலாவது 20 சதவீதமும் 2 மி.மீ.யும் கூடியிருக்க வேண்டும். ஆர்க்காட்டில் ஒரு முறை, காட்பாடியில் ஒரு முறை என்று மாற்றி எடுத்தால், அளப்பவர் கை மாறியதாலேயே 1, 2 மி.மீ. வித்தியாசம் வரும். அதை வைத்து வீடியோவில் "பெருசாகுது டாக்டர்" என்று சொன்னால் வேண்டாத ஊசிதான் மிச்சம்.

படம் அனுப்புவதிலும் கவனம் வேண்டும். மினுமினுக்கும் ஸ்கேன் தாளை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் நடுவில் வெள்ளைப் பட்டைதான் தெரியும். பகலில், ஜன்னலோரம் தரையில் விரித்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுங்கள். அல்லது சென்டரிலேயே பிடிஎஃப் வாங்கிவிடுங்கள். ரிப்போர்ட்டின் எழுத்துப் பக்கம்தான் முக்கியம். படத்தை மட்டும் அனுப்பி எழுத்தை விட்டுவிட்டால் டாக்டரால் ஒன்றும் சொல்ல முடியாது.

ரத்தப் பரிசோதனைக்கு முன் ஒரு எச்சரிக்கை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில லேப் முறைகளில் பயோட்டின் குறுக்கிட்டு டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். இல்லாத ஹைப்பர் தைராய்டுக்கு (தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கு) வீடியோவில் மருந்து எழுதி வாங்கும் நிலை வரும். உண்மையிலேயே டிஎஸ்எச் குறைவாக இருந்தால் அடுத்த படி அணு மருத்துவ ஸ்கேன். கட்டி தானாக ஹார்மோன் சுரக்கிறதா என்று அது காட்டும். அப்படிச் சுரக்கும் கட்டியில் புற்றுநோய் மிக அபூர்வம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம்.

டோக்கன் போட்டுக் காத்திருக்கவே கூடாத நிலைகள் உண்டு. மூச்சு முட்டினால் 108. குரல் கம்மி வாரக்கணக்கில் தேறாமல் இருந்தால், விழுங்கச் சிரமப்பட்டால், கட்டி கல் போல் இறுகி அசையாமல் இருந்தால், வேகமாகப் பெருத்தால், சிறு வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால், குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்தால் நேரில்தான் போக வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ சிஎம்சியோ, எது கைக்கெட்டுகிறதோ அங்கே. நீர்க்கட்டிக்குள் ரத்தம் கசிந்தால் திடீரென வலியோடு வீங்கும். அது பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனாலும் கை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஊசி குத்தினால் கேன்சர் பரவும் என்ற பயம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. மெல்லிய ஊசி, சில நிமிட வேலை, அந்தப் பயத்தால் தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரிசல்ட் பெத்தெஸ்டா என்னும் 6 வகைகளில் வரும். 2 என்றால் சாதுவான கட்டி, வீடியோவில் காட்டி அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டால் போதும். 1 என்றால் செல் போதவில்லை, திரும்ப எடுக்க வேண்டும். அதை "ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுபவர்கள் உண்டு, அது தவறு. 3, 4 வந்தால் திரும்ப ஊசியா, அறுவையா என்று எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும், ஊசியில் எடுத்த செல்கள் உள்ள ஸ்லைடுகளையும் வாங்கிக்கொண்டு போங்கள். 5, 6-க்கு நேரே அறுவை மருத்துவரிடம்.

வீடியோ ஆலோசனை முழு மதிப்பெண் வாங்குவது அறுவைக்குப் பிறகு தைராக்சின் மாத்திரை அளவைச் சரிசெய்வதில். அளவு மாற்றி 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் பார்த்து, ரிப்போர்ட்டைக் காட்டி, புதிய சீட்டு வாங்க வாணியம்பாடியிலிருந்து வேலூர் வர வேண்டியதில்லை. பேசும்போது மாத்திரை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: வெறும் வயிற்றில், காபிக்கும் டிபனுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, கால்சியம் அல்லது இரும்பு மாத்திரை இருந்தால் 4 மணி நேரம் தள்ளி. இதைச் சொல்லாமல் விட்டால், டிஎஸ்எச் ஏறியிருப்பதை மட்டும் பார்த்து டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார்.