கீமோ மருந்து கட்டிக்குள் போக: லிப்போசோமா, நுண்குமிழியா?

கிண்டியில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தபோது, மருந்தைக் கொழுப்பு உறைக்குள் அடைத்து அனுப்பும் லிப்போசோமை எடுப்பதா, வழக்கமான மருந்தோடு இரத்தத்தில் நுண்குமிழி விட்டுப் புற்றுக்கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் அல்ட்ராசவுண்ட் கொடுப்பதை எடுப்பதா என்ற கேள்வி வந்தது. நான் குமிழியை எடுத்தேன்.

லிப்போசோம் ஏற்கெனவே நிரூபித்துக் காட்டியது. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை அடைத்த டாக்ஸில் 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டது. இதயப் பாதிப்பு குறைவு; உள்ளங்கை, பாதத் தோல் சிவந்து உரிவது தொல்லை.

என் முடிவுக்குக் காரணம் ஒன்றுதான்: குமிழி முறையில் மருந்தை மாற்ற வேண்டியதில்லை. லிப்போசோம் என்றால் ஒவ்வொரு மருந்துக்கும் தனி உறை. உள்ளே தங்குகிறதா, வழியில் கசிகிறதா, கட்டிக்குப் போனபின் வெளியே வருகிறதா என்று முதலிலிருந்து பார்க்கணும். அப்புறம் புது மருந்துக்கான அனுமதி, புது விலை. நார்வேயின் பெர்கனில் குமிழி முறையில் கணையப் புற்றுநோயாளிகள் 10 பேருக்குக் கொடுத்ததோ வழக்கமான கீமோ மருந்தான ஜெம்சிட்டாபின்தான். ஸ்கேனுக்குப் பயன்படும் சோனோவியூ குமிழி, மருத்துவமனையில் இருக்கும் ஸ்கேன் மெஷின், அவ்வளவே. 2016-ல் வெளியான முடிவில் அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 17.6 மாதம், அதே மருத்துவமனையில் முன்பு மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. சிறிய ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்ததும் இல்லை. அதனால் இந்த எண்ணை நான் பெரிதாக நம்பவில்லை. ஆனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை மாதிரி ஏழைகள் குவியும் இடத்துக்கு எது சீக்கிரம் வந்து சேரும் என்று யோசித்தால், கையிருப்பு மருந்தை அப்படியே பயன்படுத்தும் வழிதான் என்று எனக்குப் படுகிறது.

குமிழிக்குப் பக்குவம் வேண்டும். பெரும்பாலும் சிவப்பணுவைவிடச் சிறியது. லிப்பிட் (கொழுப்பு) உறை, உள்ளே வாயு. ஒலியலை பட்டதும் விரிந்து சுருங்கி, இரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்தி மருந்துக்கு வழி விடுகிறது. அழுத்தம் மிஞ்சினால் வெடித்துத் திசுவையே காயப்படுத்தும். குப்பியைக் கொஞ்ச நேரம் வைத்தால் பாலில் ஏடு கட்டுவதுபோல் குமிழியெல்லாம் மேலே வந்துவிடும். மெல்லப் புரட்டிக் கலந்த பிறகே சிரிஞ்சில் எடுக்கணும். மெல்லிய ஊசியில் வேகமாகத் தள்ளினால் அங்கேயே உடைந்துபோகும்.

என் அனுபவம் ஜெல்லோடும் தட்டில் வளர்த்த செல்களோடும் நிற்கிறது. நோயாளி விஷயத்தில் படித்ததைத்தான் சொல்கிறேன். நுரையீரல் காற்று ஒலியைத் திருப்பிவிடும், எலும்பும் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். உடலெங்கும் பரவிய நோய்க்கு ஓரிடத்தில் அலை கொடுத்துப் பலனில்லை. அங்கே லிப்போசோம் பக்கமே நிற்பேன். கணையம், கல்லீரல் போல ஸ்கேனில் பார்த்துக் குறிவைக்க முடிகிற கட்டிக்கு, குமிழிதான்.