புரோட்டான் எக்ஸ்90: மூன்றாம் வரிசைக்குப் போகும் வழி

மலேசியாவின் புரோட்டான் நிறுவனம் விற்கும் குடும்ப எஸ்யூவியான எக்ஸ்90 வாகனத்தின் ஃபிளாக்‌ஷிப் வகையில் ஏழு இருக்கைகள் இல்லை, ஆறுதான். விலைப்பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் வகையில் ஓர் இருக்கை குறைவு என்பது முதலில் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் இரண்டு சிறு பிள்ளைகளைக் குழந்தை இருக்கைகளில் கட்டி, மூத்த பிள்ளையையும் பாட்டியையும் கடைசி வரிசையில் அமர்த்தி ஓட்ட வேண்டிய எங்களைப் போன்ற குடும்பத்துக்கு, அந்த இல்லாத ஏழாவது இருக்கைதான் இந்த வாகனத்தை வாங்குவதற்கான முதற்காரணம். என்ஜின், திரை, ஒலிபெருக்கி பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். குழந்தை இருக்கைகளைக் கழற்றாமல் மூன்றாம் வரிசைக்கு ஒருவர் எப்படிப் போய் அமர்வது என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்து இந்த வாகனத்தை மதிப்பிடுகிறேன்.

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் வாகனங்களில் சிறு பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். அதற்கு முன்பு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடந்த குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏழு பேர் அமரும் வாகனத்தில் அப்போது எட்டு பேர்கூடப் போனார்கள். இப்போது கணக்கு மாறிவிட்டது. ஒரு குழந்தை இருக்கை ஓர் இடத்தைப் பிடிப்பதோடு, தன் பின்னால் இருக்கும் வரிசைக்கான வழியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஏழு இருக்கை என்று விளம்பரத்தில் வரும் எண், இரண்டு குழந்தை இருக்கைகளைப் பொருத்திய பிறகு நடைமுறையில் ஐந்தாகச் சுருங்கிவிடுவது இதனால்தான்.

ஐசோஃபிக்ஸ் என்பது இருக்கையின் அடிப்பாகமும் முதுகுச் சாய்வும் சந்திக்கும் இடுக்கில், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் பதிக்கப்பட்ட இரண்டு இரும்பு வளையங்கள். குழந்தை இருக்கையின் கொக்கிகள் அவற்றைக் கவ்விக்கொள்கின்றன. மோதலின்போது இருக்கை முன்புறம் கவிழாமல் இருக்க, சாய்வின் மேலாக ஓடிப் பின்னால் மாட்டப்படும் டாப் டெதர் வாரோ, தரையில் ஊன்றும் ஒரு தாங்கு காலோ மூன்றாவது பிடிப்பாக அமைகிறது. இவ்வளவும் மாட்டிய ஓர் இருக்கையின் சாய்வை மடிக்க முடியாது; அதை முன்னால் கவிழ்க்கவும் முடியாது, ஏனெனில் குழந்தை இருக்கை முன்வரிசையின் முதுகில் போய் முட்டும். விற்பனைக் கூடத்தில் விற்பனையாளர் ஒரு கைப்பிடியை இழுத்து இரண்டாம் வரிசையை ஒரே அசைவில் கவிழ்த்துக் காட்டுவது அழகான காட்சிதான். வீட்டுக்கு வந்து குழந்தை இருக்கைகளைப் பொருத்திய பிறகு அந்தக் கைப்பிடியால் பயன் இல்லை.

பெரும்பாலான ஏழு இருக்கை வாகனங்களில் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கின்றன. இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஓரங்களும் அடைபடுகின்றன. நடுவில் இருக்கும் இடமோ, வரிசை இரண்டாகப் பிளக்கும் வாகனமாக இருந்தால், ஏதாவது ஓர் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு தனியாக மடங்காது. மூன்றாகப் பிளக்கும் வரிசையில் நடுச்சாய்வை மட்டும் மடித்து ஒரு பிள்ளை தவழ்ந்து போகலாம். புடவை கட்டிய பாட்டி தவழ மாட்டார்.

அமெரிக்கச் சந்தைக்கு 2013ஆம் ஆண்டின் மாதிரியாக வந்த நிசான் பாத்ஃபைண்டரில் இதற்கு ஒரு நல்ல தீர்வு இருந்தது. குழந்தை இருக்கை மாட்டியபடியே, பிள்ளை அதில் இல்லாதபோது, இரண்டாம் வரிசையில், சாலையோர நடைபாதைப் பக்கம் இருக்கும் இருக்கை முழுவதுமாகச் சாய்ந்து முன்னால் நகரும். பின்னால் ஆள் புகுவதற்கு இடம் கிடைக்கும். நம் ஊர்க் காட்சியறைகளில் நான் பார்த்த குடும்ப எஸ்யூவிகளில் இந்த ஏற்பாட்டைக் காணவில்லை. ஆகவே நமக்கு இருக்கும் எளிய விடை, இரண்டாம் வரிசையின் நடுவே ஒரு வழியை விட்டு வைத்த வாகனம்.

எக்ஸ்90 மலேசியாவில் 2023 மே மாதம் அறிமுகமானது. அறிமுகத்தின்போது நான்கு வகைகள் வந்தன. கீழே உள்ள மூன்றும் ஏழு இருக்கை, ஃபிளாக்‌ஷிப் மட்டும் ஆறு. விலை 123,800 ரிங்கிட்டில் தொடங்கி ஃபிளாக்‌ஷிப்பில் 152,800 ரிங்கிட்டில் முடிந்தது. அந்த விலை வேறுபாட்டில் பல வசதிகள் அடங்கும் என்றாலும், இரண்டு தனித்தனி கேப்டன் சீட்டுகளுக்கும் அவற்றின் நடுவே உள்ள இடைவெளிக்கும்தான் நான் மதிப்பெண் போடுகிறேன்.

அந்த இடைவெளி எவ்வளவு பயன்படும் என்பது, நீங்கள் எந்தக் குழந்தை இருக்கையை எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைப் பற்றி விற்பனைக் கூடத்தில் யாரும் பேசுவதில்லை. விவரமாகச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இடக்கதவு வழியாக நடக்கும். நடுவழியை அடைய, இடக்கதவைத் திறந்து, இடப்பக்கக் கேப்டன் சீட்டுக்கும் அதற்கு முன்னால் இருக்கும் முன்வரிசை இருக்கைக்கும் இடையே உள்ள கால்வைக்கும் இடத்தைக் கடந்து, பிறகு பின்னால் திரும்ப வேண்டும். கைக்குழந்தையின் பின்னோக்கிய இருக்கை இடப்பக்கத்தில் இருந்தால், அந்தக் கால்வைக்கும் இடம் முழுவதையும் அது நிரப்பிவிடும். அதற்குத் தாங்கு காலும் இருந்தால் சொல்லவே வேண்டாம். நடுவில் வழி திறந்து கிடக்கும், ஆனால் வாசலில் இருந்து அதை எட்ட முடியாது.

ஆகவே எங்கள் வாகனத்தில் பின்னோக்கிய இருக்கை வலப்பக்கத்தில் இருக்கிறது. இடப்பக்கத்தில் நான்கு வயதுப் பையனின் முன்னோக்கிய இருக்கை, தாங்கு கால் இல்லாமல், ஐசோஃபிக்ஸும் டாப் டெதரும் கொண்டு பொருத்தப்பட்டது. முன்வரிசையின் இடப்பக்க இருக்கையைச் சற்று முன்னால் நகர்த்தினால், பையன் ஏறுவதற்கு முன்பாகப் பாட்டியும் மூத்தவளும் அவனுடைய இருக்கைக்கு முன்னால் பக்கவாட்டில் அடி வைத்து நடுவழிக்கு வந்துவிடுகிறார்கள். முதன்முறை ஏறி உட்கார்ந்த என் மாமியார், "புடவைய ரொம்பத் தூக்க வேண்டியதில்ல, பரவால்ல" என்றார். அவரிடமிருந்து ஒரு வாகனத்துக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. கைக்குழந்தையை வலக்கதவு வழியாக, அதாவது வண்டிகள் ஓடும் பக்கத்தில் நின்று, கட்ட வேண்டியிருக்கிறது. பாயான் லெப்பாஸில் எங்கள் அடுக்குமாடியின் நிறுத்துமிடத்தில் அது பொருட்டல்ல. ஜார்ஜ்டவுனில் லெபோ குவீன் மகா மாரியம்மன் கோயிலுக்கு அருகே, மோட்டார்சைக்கிள்கள் கதவை உரசிக்கொண்டு போகும் வெள்ளிக்கிழமை மாலையில் அது பொருட்டுதான். அங்கே குழந்தையை இடக்கதவு வழியாகவே உள்ளே கொண்டுபோய், நடுவழியில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு வலப்பக்க இருக்கையில் கட்டுகிறோம். இடுப்பு வலிக்கும், ஆனால் முதுகுக்குப் பின்னால் வண்டி வராது. நடுவழியின் இரண்டாவது பயனை அப்போதுதான் நான் உணர்ந்தேன். ஏழு இருக்கை வாகனத்தில் இப்படி உள்ளிருந்து கட்டுவதற்கு இடமே கிடையாது.

குழந்தை இருக்கையின் அகலத்தையும் பார்க்க வேண்டும். குழந்தை இருக்கைகளுக்கான ஐ-சைஸ் என்ற தரத்தின்படி இருக்கை 44 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்க வேண்டும். அப்படி அடங்கியது கேப்டன் சீட்டின் ஓரத்தைத் தாண்டி வழிக்குள் நீட்டிக்கொண்டிருக்காது. பானம் வைக்கும் கிண்ணங்கள் இரு பக்கமும் முளைத்த பெரிய இருக்கைகள், அந்தக் கிண்ணங்களாலேயே வழியைக் குறுக்கிவிடுகின்றன. கழற்றக்கூடிய கிண்ணம் என்றால் கழற்றிவிடுங்கள். கதவுப் பக்கம் சுழலும் இருக்கைகள் குழந்தையைத் தூக்கி வைக்க வசதியானவை, ஆனால் வழி தருவதில் அவற்றால் கூடுதல் நன்மை ஏதும் இல்லை.

டாப் டெதர் வார் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். வாரை மாட்டும் இடம் அந்த இருக்கையின் முதுகிலேயே இருந்தால், வார் இருக்கையோடு ஒட்டி நிற்கும்; பின்னால் போகிறவர் காலில் சிக்காது. சில வாகனங்களில் அது தரையிலோ கூரையிலோ இருக்கும். அப்படியானால் கடைசி வரிசைக்கு முன்னால் வார் ஒரு கொடிக்கயிறு போலக் குறுக்கே ஓடும். வாகனத்தை வாங்குவதற்கு முன்னால் இருக்கையின் பின்புறத்தைக் குனிந்து பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

இனி குறைகள். ஆறு பேருக்கு மேல் ஒருவரும் ஏற முடியாது. தாத்தாவும் வருகிறார் என்றால் இரண்டாவது வண்டி எடுக்க வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று போகும்போது இது எரிச்சலூட்டும். மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது பின்பெட்டி சிறியது. மடக்கிய தள்ளுவண்டியை வைத்தால் மளிகைப் பைகளுக்கு நடுவழிதான் இடம். அப்படி வைத்தால் வழி மறுபடியும் அடைபடும், எந்த வழிக்காகப் பணம் கொடுத்தோமோ அதையே. கடைசி வரிசையில் பெரியவர்களின் முழங்கால் சற்று உயர்ந்தே இருக்கும். பட்டர்வொர்த் வரை போய்வர அது சரி, கோலாலம்பூர் வரை போவதானால் நானும் மனைவியும் பாட்டியும் இடம் மாற்றிக்கொள்கிறோம். வாகனத்தின் அகலம் சுமார் 1.9 மீட்டர். பழைய அடுக்குமாடிகளின் நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டிகள் கோட்டை ஒட்டி நின்றால், கதவை முழுவதும் திறக்க இடம் இருக்காது. கதவு பாதி திறந்த நிலையில் நடுவழியெல்லாம் உதவாது.

இந்தக் கடைசிக் குறைக்கு எஸ்யூவி எதுவும் மருந்தாகாது. நகர்கதவு வைத்த நிசான் செரீனா போன்ற எம்பிவி, அதாவது வேன் வடிவக் குடும்ப வாகனம், இந்த ஒரு விஷயத்தில் எல்லா எஸ்யூவிகளையும் தோற்கடிக்கும். எங்கள் வீட்டில் அதற்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்றால், என் மனைவிக்கு அதன் தோற்றம் பிடிக்கவில்லை. வாகனம் வாங்குவதில் இதுவும் ஒரு காரணம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஏற்கெனவே ஏழு இருக்கை வாகனம் வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரோடுவா அரூஸ் போன்ற வாகனத்தில் இரண்டாம் வரிசை ஒரே அசைவில் கவிழும். அந்த வசதியை ஒரு பக்கத்திலாவது காப்பாற்றிக்கொண்டால் போதும். இடப்பக்க இருக்கை தனியாகக் கவிழும் பிரிவாக இருந்தால் அதைக் காலியாக விட்டு, ஐசோஃபிக்ஸ் இருக்கையை வலப்பக்கத்திலும், சீட் பெல்ட்டால் கட்டப்படும் இருக்கையை நடுவிலும் வைத்துப் பாருங்கள். நடு இடத்தில் தோளின் குறுக்கேயும் வரும் பெல்ட் இருக்க வேண்டும், வாகனத்தின் கையேடு அங்கே குழந்தை இருக்கையை அனுமதிக்கவும் வேண்டும். இரண்டு இருக்கைகளும் அருகருகே அடங்காவிட்டால், பூஸ்டரில், அதாவது சீட் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தும் இருக்கையில், அமரும் வயதுடைய பிள்ளையை இடப்பக்கத்தில் அமர்த்தலாம். முதுகில்லாத பூஸ்டரை ஒரு கையால் தூக்கி எடுத்துவிட்டு இருக்கையைக் கவிழ்க்கலாம். அரூஸின் தரை இடைவெளி 220 மில்லிமீட்டர் என்பதால் ஏறும் உயரம் அதிகம். முதியவருக்கு ஒரு சிறு படிக்கட்டு தேவைப்படும்.

பூஸ்டர் பிள்ளையைக் கடைசி வரிசைக்கே அனுப்பிவிடுவது இன்னும் எளிது. எங்கள் மூத்தவள் அங்கேதான் அமர்கிறாள். தன் பெல்ட்டைத் தானே மாட்டக் கற்றுக்கொண்டாள். அதைச் சரிபார்க்கப் பாட்டி பக்கத்தில் இருக்கிறார். ஐசோஃபிக்ஸ் தேவைப்படும் சிறு பிள்ளைகளைப் பின்னால் அனுப்புவதை நான் விரும்பவில்லை. அழுகிற குழந்தைக்கும் ஓட்டுநருக்கும் இடையே இரண்டு வரிசைகள் இருக்கக்கூடாது.

எக்ஸ்90 தவிர மற்ற ஆறு இருக்கை வாகனங்களைப் பார்ப்பவர்கள், மாஸ்டா சிஎக்ஸ்-8 உட்பட எதுவானாலும், ஆறு இருக்கை என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். சில வாகனங்களில் இரண்டு கேப்டன் சீட்டுகளின் நடுவே கை வைக்கும் பெட்டியைப் பொருத்திவிடுகிறார்கள். பார்ப்பதற்கு ஆடம்பரமாக இருக்கும், வழி போய்விடும். உங்கள் குழந்தை இருக்கைகளையே காட்சியறைக்கு எடுத்துச் சென்று, இரண்டையும் பொருத்தி, பாட்டியை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். தாங்கு கால் ஊன்றும் தரைக்குக் கீழே சாமான் பெட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெற்றுப் பெட்டியின் மூடிமேல் அந்தக் கால் நிற்கலாமா என்பதை வாகனக் கையேடும் குழந்தை இருக்கையின் கையேடும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.