ஒரே விஷயத்துக்கு இரண்டு குழுக்கள் வேண்டுமா?

தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் இணைந்து இயங்கும் விவாதத் தளமான லெம்மியில், பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பது பற்றி ஒரு குழு நடத்துகிறேன். இன்னொரு சர்வரில் அதே பெயரில் ஒரு குழு இருக்கிறது. "ஒன்றாக்கிவிடலாமே" என்று அதன் மாடரேட்டர் கேட்டார். இரண்டு வாரம் யோசித்து, வேண்டாம் என்றேன்.

ஒரே குழுவாக இருந்தால் என்ன நல்லது என்று விளக்கத் தேவையில்லை. ஆட்கள் சிதறமாட்டார்கள், தேடுவது சுலபம். ஷட்டர் ஒட்டிக்கொண்டது என்று ஒருவர் கேட்ட கேள்விக்கு அந்தக் குழுவில் படிப்படியாகப் பதில் கிடைத்தது. அதே கேள்வி என் குழுவில் ஒரு வாரம் பதிலே இல்லாமல் கிடந்தது. அதைப் பார்த்தபோது மனம் சங்கடப்பட்டது உண்மை.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்தான்: குழு குடியிருக்கும் சர்வர். நீங்கள் எங்கிருந்து எழுதினாலும் பதிவு முதலில் குழுவின் சொந்த சர்வருக்குப் போகும். அங்கிருந்துதான் மற்ற சர்வர்களுக்குப் பரவும். அது நின்றுவிட்டால் பழைய பதிவுகளின் நகல் உங்கள் சர்வரில் அப்படியே இருக்கும், படிக்கலாம். புதிதாக எழுதுவது மட்டும் உங்கள் சர்வரைத் தாண்டாது. வெளியே யாருக்கும் கேட்காது என்பது தெரியாமலே பேசிக்கொண்டிருப்போம்.

இது வெறும் பயம் இல்லை. பெரிய சர்வர்களில் ஒன்றான லெம்.ஈ 2025 ஜூன் கடைசியில் மூடப்பட்டது. முன்கூட்டியே அறிவித்ததால் அங்கிருந்த குழுக்களுக்கு இடம் மாறச் சில வாரங்களாவது கிடைத்தன. சர்வர் நிற்காமலேயே உறவு அறுவதும் உண்டு. 2023 ஜூனில் பீஹா சர்வர், லெம்மி.வேர்ல்டுடன் தொடர்பைத் துண்டித்தது. பீஹாவில் மட்டும் ஒரு குழு இருந்திருந்தால், லெம்மி.வேர்ல்டு ஆட்கள் அன்றோடு வெளியே.

1980-ல் தொடங்கிய பழைய இணைய விவாத வலையமைப்பான யூஸ்நெட்டில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே குழுவின் பெயர் எந்த சர்வருக்கும் சொந்தமில்லை, அதனால் இரட்டை தேவைப்படவில்லை. லெம்மியில் குழுவின் முகவரியிலேயே சர்வரின் பெயர் ஒட்டியிருக்கிறது.

இரட்டைக்கு விலை உண்டு. ஸ்பேம் வந்தால் இரண்டு இடத்திலும் நீக்க வேண்டும். பதிவுகள் சிதறுவதைக் குறுக்குப்பதிவு, அதாவது ஒரே பதிவை இரண்டு குழுவிலும் பகிர்வது, ஓரளவு சரிசெய்கிறது. லெம்மியோடு இணைந்து இயங்கும் இன்னொரு மென்பொருளான பைஃபெட்டில் பல குழுக்களை ஒரே ஃபீடாகச் சேர்த்துப் படிக்கவும் முடியும். எங்களுடையது சின்னக் குழு, தினமும் நூற்றுக்கணக்கில் பதிவு வரும் இடத்தை நான் நடத்தியதில்லை. அங்கே மாடரேட்டர் வேலை இரட்டிப்பாவது பெரிய சுமையாகலாம்.

சரி, கடைசியில் என்ன செய்தோம்? அவர் என் குழுவிலும் நான் அவர் குழுவிலும் மாடரேட்டர். ஒன்றின் பக்கவாட்டில் மற்றதன் முகவரி இருக்கிறது. மாதக்கணக்கில் பதிவே வராத மூன்றாவது குழு ஒன்றும் உண்டு. அதைப் பூட்டிவிட்டு எங்கள் இரண்டு முகவரிகளையும் மேலே ஒட்டும்படி அதன் நிர்வாகியிடம் கேட்டிருக்கிறோம்.