அப்டேட்டுக்குப் பிறகு திரை சரியில்லையா? பேனலை மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள்

என் லேப்டாப் திரைக்கு, அதாவது பேனலுக்கு, எதுவுமே ஆகவில்லை. ஆனாலும் அதைக் கழற்றிவிட்டு, அதைவிட மட்டமான ஒன்றை மாட்டி, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு ஷட்டவுன் கொடுத்தபோது விண்டோஸ் அப்டேட் ஓடியது. காலையில் திறந்தால் ஐகான்கள் எல்லாம் பூதாகரமாக நிற்கின்றன, எழுத்துகள் மங்கல். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையையே காணோம். வீடியோ திக்கித் திணறி ஓடுகிறது. இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தேன், அதோடு என் வித்தை தீர்ந்தது. அக்கா மகனைக் கேட்டதற்கு, "மாமா, டிவைஸ் மேனேஜரைத் திறந்து மொபைல்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றான். லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் பக்கம் அது. அனுப்பினேன். அவன் பதில் வரும்வரை எனக்குப் பொறுமை இல்லை, தூக்கிக்கொண்டு சர்வீஸுக்குப் போய்விட்டேன்.

அங்கிருந்தவர் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். "பேனல் போயிடுச்சு சார். அப்டேட் லோடு தாங்கியிருக்காது." இதைக் கேட்டதுமே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். அப்டேட்டுக்கு லோடும் கிடையாது, அதைப் பேனல் தாங்க வேண்டியதும் இல்லை. ஆனால் அவர் குரலில் இருந்த உறுதி என்னை அமுக்கிவிட்டது. லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோதுதான் வாட்ஸ்அப்பில் மருமகன் பதில்: "டிரைவர் பிரச்சினைதான் மாமா. எங்கயும் கொடுத்துடாதீங்க." டிரைவர் என்பது ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். சின்னப் பையன், இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்த லேப்டாப் பளிச்சென்றுதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, சோபாவில் சாய்ந்து கீழிருந்து பார்த்தபோது முகங்கள் எல்லாம் நெகட்டிவ் பிலிம் மாதிரி கறுத்துத் தெரிந்தன. முன்பு எந்தப் பக்கம் திருப்பினாலும் நிறம் மாறாது. செட்டிங்ஸில் ரெசல்யூஷனைப் பார்த்தால், பரிந்துரைக்கப்பட்டது என்று 1366 × 768 காட்டுகிறது. வாங்கும்போது 1920 × 1080. அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருந்த இடத்தில் இப்போது 10.5 லட்சம். பாதித் திரையைக் காணோம்!

போன் செய்து கேட்டேன். "அப்டேட்டுக்கு அப்புறம் எல்லா லேப்டாப்பும் அப்படித்தான் சார் காட்டும்." பழைய பேனல்? "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸைத் திறந்து, வியூ மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொன்னான். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு வரிகள் வந்தன. ஒன்று தெளிவாக, இன்னொன்று சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக. இரண்டிலும் ப்ராப்பர்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடி. மூன்று எழுத்து தயாரிப்பாளர் குறி, அதன்பின் நான்கு இலக்க மாடல் குறி. இரண்டும் வேறு வேறு. மங்கலாக இருந்ததுதான் என் பழைய பேனல். ஆளைக் கடத்திவிட்டார்கள், வருகைப் பதிவேட்டில் பெயரை அடிக்க மறந்துவிட்டார்கள்.

அன்று நான் எடுத்த போட்டோவையும் பெரிதாக்கிக் காட்டினான். டிஸ்ப்ளே அடாப்டருக்குக் கீழே 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தது. கிராபிக்ஸ் டிரைவர் ஏறாமல் போனால் விண்டோஸ் ஒப்புக்குப் போட்டுக்கொள்ளும் பொதுவான டிரைவர் அது. படத்தைக் காட்டும், அவ்வளவுதான். வெளிச்சப் பட்டை காணாமல் போனது, வீடியோ திணறியது எல்லாம் அதன் அடையாளங்கள். சர்வீஸ்காரர் சரியான டிரைவரைப் போட்டிருக்கிறார், கூடவே என் பேனலையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கு இப்படி வந்தால், முதலில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறும் முன்பே திறக்கும் அமைப்புப் பக்கத்துக்குள், போய்ப் பாருங்கள். ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் விசை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கே விண்டோஸும் கிடையாது, அதன் டிரைவரும் கிடையாது. பேனலோ கேபிளோ போயிருந்தால் கோடுகளும் கறைகளும் பெரும்பாலும் அங்கேயும் தெரியும். அங்கே சுத்தமாக இருந்து விண்டோஸில் மட்டும் அசிங்கமாக இருந்தால் சந்தேகம் டிரைவர் மேல்தான். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் இருக்கும், அழுத்தினால் பழைய டிரைவருக்குத் திரும்பும். அது மங்கியிருந்தால் லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். விண்டோஸின் பதிப்பே மாறிய பெரிய அப்டேட் என்றால் பழையதற்குத் திரும்ப வழக்கமாக 10 நாள்தான் அவகாசம், யோசித்துக்கொண்டே இருந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். திடீரென்று திரை உறைந்தாலோ கறுத்தாலோ விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) விசைகள் நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி எழுந்துவரும்.

கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ரெசல்யூஷன் எண்ணையும் அந்த ஹார்ட்வேர் ஐடியையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். கழற்றும் பாகம் எனக்கு வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பேனல் போய்விட்டது என்று சொல்பவர் வெளி மானிட்டர் ஒன்றை எச்.டி.எம்.ஐ. கேபிளில் மாட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால், லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டு ஐடிகளின் போட்டோவையும் அந்த சர்வீஸ்காரருக்கு அனுப்பிவிட்டேன். நீல டிக் வந்துவிட்டது, பதில்தான் இன்னும் வரவில்லை.