மஞ்சள் அட்டையா, டென்மார்க்கின் முன் ஒப்புதலா?

ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்களில் நாட்டு நாடாளுமன்றங்கள் குரல் கொடுக்கும் இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தம் தந்த ‘மஞ்சள் அட்டை’. சட்ட வரைவு கிடைத்த 8 வாரங்களுக்குள், ‘இது எங்கள் நாட்டளவிலேயே முடிக்கக்கூடிய வேலை’ என்று ஆட்சேபம் அனுப்பலாம். நாட்டுக்கு 2 வாக்குகள். பொதுவாக மொத்த வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தால், சட்ட வரைவைக் கொண்டுவரும் ஐரோப்பிய ஆணையம் மறுபரிசீலனை செய்தாக வேண்டும். கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை. 2012இல் வேலைநிறுத்த உரிமை தொடர்பான வரைவு திரும்பப் பெறப்பட்டது. அப்போதும் ஆட்சேபம் சரியென்று ஆணையம் ஏற்கவில்லை. 2013இலும் 2016இலும் அட்டை உயர்ந்தபோது வரைவுகள் அப்படியே தொடர்ந்தன.

டென்மார்க்கின் வழி வேறு. ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் கூடும் பிரஸ்ஸல்ஸுக்கு அமைச்சர் புறப்படும் முன், முக்கிய விஷயங்களில் தமது பேச்சுவார்த்தை நிலைப்பாட்டை நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழுவிடம் சொல்ல வேண்டும். பெரும்பான்மை எதிர்த்தால் அந்த நிலைப்பாட்டோடு போக முடியாது. சிறுபான்மை அரசுகளே வழக்கமாக ஆளும் நாட்டில் இது வெறும் சடங்கல்ல. பேச்சு திசைமாறினால் புதிய ஒப்புதல் கேட்க வேண்டும். அதனால் அமைச்சரின் கை கட்டப்படுகிறது என்ற குறை உண்மைதான்.

ஆனாலும் என் தேர்வு டென்மார்க்தான். மஞ்சள் அட்டை பதில் கடிதத்தோடு முடியலாம். இங்கே, தான் வாக்களித்த உறுப்பினர் அமைச்சரை நிறுத்திக் கேள்வி கேட்பதைக் குடிமகன் பார்க்கிறான். ஆனால் இதுவும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 1992இல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை டென்மார்க் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள்; இந்த ஏற்பாடு இருந்தும்தான்.