நெட்பாக்ஸ்: நான்கு வருஷத்துக்குப் பிறகும் தீராத ஒரு குறை

கூடப் படித்த நண்பன் போன வாரம் போனில் கேட்டான். "எங்க ஆபீஸ்லயும் நெட்பாக்ஸ் போடலாம்னு இருக்கோம். நீ நாலு வருஷமா வச்சிருக்கியே, எப்படிடா?" ஆபீஸின் சர்வர், கேபிள், ஐபி முகவரி எல்லாம் எங்கே எப்படி இருக்கிறது என்று பதிவு வைக்கும் மென்பொருள்தான் நெட்பாக்ஸ். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான், ஒரு திங்கட்கிழமைக் காலை, எங்கள் கிளைகளில் இருப்பவர்கள் உள் மென்பொருள் எதிலும் லாகின் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். கோபத்தில் எதையாவது சொல்லிவிடக் கூடாது என்று, அப்புறம் எழுதுகிறேன் என்றேன்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சர்வர்களை வாடகைக்கு விடும் டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தின் நெட்வொர்க் ஆட்கள் தங்கள் சொந்த வேலைக்காக எழுதி 2016இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் இது. சர்வர் அடுக்கும் ராக்கையும் கேபிளையும் கையால் தொட்டவர்கள் எழுதியது என்று ஒவ்வொரு திரையிலும் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது சர்வீஸ் பதிவுகள்தான். எந்த சர்வரில், எந்த ஐபியில், எந்த போர்ட்டில் (சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) என்ன ஓடுகிறது, தகவல் போகும் முறை டிசிபியா யுடிபியா, எல்லாம் ஒரே வரியில். முன்பு இதை எக்செல்லில் ஆளுக்கொரு பிரதியாக வைத்திருந்தோம். 3.1 பதிப்பில் தொடர்பு ஆட்களைச் சேர்க்கும் வசதி வந்ததும் என் ராத்திரிகளே மாறிவிட்டன. 2 மணிக்கு அலாரம் அடித்தால் அந்த சர்வரின் பக்கத்தைத் திறக்கிறேன். முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று அங்கேயே இருக்கிறது. இந்த நிம்மதியை வேறு எந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை.

குறை அனுமதிகளில். எதை, யார் பார்க்கலாம், சேர்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்பதை 2.9 பதிப்பு முதல் நிபந்தனை போட்டு மிக நுணுக்கமாக எழுதலாம். நிபந்தனையை ஜேசன் என்ற, அடைப்புக்குறிகளால் ஆன வடிவத்தில் எழுத வேண்டும். இரண்டு நிபந்தனையை ஒரே நெளி அடைப்புக்குள் எழுதினால் இரண்டுமே பொருந்த வேண்டும். தனித்தனி நெளி அடைப்பாக்கிச் சதுர அடைப்புக்குள் அடுக்கினால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். "மதுரைக் கிளையில் கணக்குப் பிரிவு மட்டும்" என்று நினைத்துக்கொண்டு, மதுரை முழுவதையும் எல்லா ஊர்க் கணக்குப் பிரிவையும் ஒரு தடவை திறந்துவிட்டிருக்கிறேன். சரி, அது ஒரு முறை பட்டால் புரிந்துவிடும்.

புரிந்தும் தீராதது வேறு. இதில் 'கூடாது' என்று சொல்ல வழியே இல்லை. ஒவ்வொரு அனுமதியும் முன்பு இருப்பதோடு சேரும்; எதுவும் எதையும் குறைக்காது. எங்கள் தலைமை அலுவலகத்தில் சர்வர் மாற்றும் வேலையில் இருந்த ஒரு தம்பியை மதுரைக்கு மாற்றினோம். நெட்பாக்ஸில் மதுரை சாதனங்களுக்கு மட்டும் உரிமையுள்ள பயனர் குழுவில் சேர்த்தோம், இனி அவர் எல்லை அதுதான் என்று நம்பினோம். பழைய குழுவிலிருந்து யாரும் எடுக்கவில்லை. எந்த சர்வீஸ் பதிவையும் அழிக்கும் உரிமை அந்தப் பழைய குழுவில் அப்படியே இருந்தது. அவர் நல்ல எண்ணத்தோடுதான் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்திருக்கிறார். அதில் எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் தலைமை அலுவலகத்து டைரக்டரி சர்வரின் 636 போர்ட் பதிவும் போய்விட்டது. நெட்வொர்க்கில் எதை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் எங்கள் ஃபயர்வால் குழு ஆறு மாதத்துக்கு ஒரு முறை நெட்பாக்ஸைப் பார்த்து, பதிவில் இல்லாத போர்ட்டை மூடும். சனிக்கிழமை ராத்திரி மூடினார்கள். திங்கட்கிழமை நடந்தது மேலே சொன்னதுதான்.

யார் அழித்தது என்று தேடினால், யார் எதை மாற்றினார் என்று நெட்பாக்ஸே குறித்துவைக்கும் மாற்றப் பதிவிலும் இல்லை. அது இயல்பாக 90 நாள்தான் வைத்திருக்கும். அழித்தது நான்கு மாதம் முன்பு. அமைப்புக் கோப்பில் அந்த எண்ணை 0 ஆக்கினால் எதையும் நீக்காது என்பது முதல் நாளே எங்களுக்குத் தெரியும். டிஸ்க் இடம் என்று ஏதோ பேசித் தள்ளிப்போட்டோம். பழைய பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றி, அதிலிருந்த மாற்றப் பதிவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். அந்தத் தம்பி போனில் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவர் அவர் இல்லை, அவருடைய உரிமைகளைப் பார்க்காமல் விட்ட நாங்கள்.

சேர்த்துக்கொண்டே போகும் முறை எளிமையானது, கணக்குப் போடச் சுலபம் என்பார்கள். எனக்கும் அந்தக் காரணம் புரிகிறது. ஆனால் நடைமுறையில் மனிதர்கள் பிரிவு மாறுகிறார்கள், குழுக்கள் மாறுவதில்லை. ஒரே ஒரு மறுப்பு விதி இருந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை எங்களுக்கு வந்திருக்காது.

நண்பனுக்கு நேற்று பதில் அனுப்பினேன்: இப்போதைக்குப் போடாதே. உங்கள் ஆபீஸில் மூன்று பேர் ஒரே அட்மின் லாகினைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். அது எல்லா உரிமையும் உள்ள சூப்பர் யூசர் லாகின்; சூப்பர் யூசருக்கு எந்த நிபந்தனையும் பொருந்தாது. முதலில் ஆளுக்கொரு லாகின் கொடுங்கள், எந்த சர்வீஸுக்கு யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். "இவ்வளவு புகழ்ந்துட்டு வேண்டாங்கிறியே" என்று திருப்பிக் கேட்டான்.

எங்களிடம் 41 குழுக்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். 26 முடிந்திருக்கிறது. மீதி 15ஐயும் முடித்த பிறகு அவன் கேட்டால் வேறு பதில் சொன்னாலும் சொல்வேன்.