ட்வைனிங்ஸ் எர்ல் கிரே: ஜின்னில் ஊறவைக்க ஏற்ற தேயிலைதானா?

பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் மணம் ஏற்றிய எர்ல் கிரே தேயிலையை, ஜின் என்ற மதுவில் ஊறவைப்பதற்கென்றே வாங்குவோர் உண்டு. நியூயார்க் பார்டெண்டர் ஆட்ரி சாண்டர்ஸ் உருவாக்கி, 2005 முதல் 2020 வரை இயங்கிய அவரது பெகு கிளப் மதுக்கூடத்தின் அடையாளங்களுள் ஒன்றாக விளங்கிய எர்ல் கிரே மார்ட்டீனி என்ற காக்டெயிலே அதற்குப் பெரிதும் காரணம். அந்தச் செய்முறைக்கு பிரிட்டிஷ் நிறுவனமான ட்வைனிங்ஸின் உதிரித் தேயிலை எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பார்த்தேன்.

செய்முறை எளிது. 750 மி.லி. ஜின்னில் நான்கு மேசைக்கரண்டித் தேயிலையை இட்டு, அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரம் வைத்து வடிகட்ட வேண்டும். சாண்டர்ஸ் தேர்ந்த டாங்கரேயையே நானும் எடுத்துக்கொண்டேன். ஜின்னுக்கு மணமூட்டும் ஜூனிப்பர் காயின் சுவை தூக்கலாக இருக்கும் அந்த ஜின், தேயிலைக்கு அடங்கிப் போய்விடுவதில்லை. சில நிமிடங்களிலேயே வெளிர் மஞ்சளாகும் ஜின், வடிக்கும் நேரத்தில் செம்பழுப்புக்கு வந்துவிடுகிறது. பெர்கமாட் பழத்தோலின் எண்ணெய் நீரைவிட ஆல்கஹாலில் நன்றாகக் கரைவதால், தேநீரில் மெல்லியதாகத் தெரியும் மணம் இங்கே முழுமையாக எழும்புகிறது.

நேரத்தில்தான் கவனம் தேவை. துவர்ப்பும் மணத்தோடு சேர்ந்தே இறங்குவதால், இரவு முழுவதும் ஊறிய ஜின் நாக்கை இழுத்துப் பிடிக்கும். வேறொரு நிறுவனத்தின் தேயிலைப் பைகளைக் கொண்டு செய்தபோது, அவற்றின் தூள் இரண்டு மணி நேரத்திலேயே அந்த நிலையை எட்டிவிட்டது. ட்வைனிங்ஸின் உதிரி இலை அவ்வளவு அவசரம் காட்டவில்லை என்பதே அதை வாங்குவதற்குப் போதிய காரணம்.

மிஞ்சும் துவர்ப்பை முட்டையின் வெள்ளைக்கரு பார்த்துக்கொள்கிறது. கடுந்தேநீரில் பால் விட்டால் அதன் புரதம் துவர்ப்பைப் பற்றிக்கொள்வது போலவே, இங்கே வெள்ளைக்கருவின் புரதமும் பற்றிக்கொள்கிறது. ஆகவே அதை வெறும் நுரைக்கான அலங்காரம் என்று கருதி விட்டுவிடுவது சரியன்று. (பச்சை முட்டை என்பதால் பாஸ்டரைஸ் செய்ததைப் பயன்படுத்துவது நல்லது.) 45 மி.லி. ஜின், 22 மி.லி. எலுமிச்சைச் சாறு, 30 மி.லி. சர்க்கரைப் பாகு, ஒரு வெள்ளைக்கரு ஆகியவற்றை முதலில் பனிக்கட்டியின்றியும் பிறகு பனிக்கட்டியோடும் நன்றாகக் குலுக்கி வடித்தால், மேலே தடித்த வெண்ணுரை நிற்கும். மூலச் செய்முறை மஞ்சள் நிறப் பெரிய எலுமிச்சையைக் கருதியது. நம் ஊர்ச் சிறிய எலுமிச்சையின் புளிப்பு கூர்மையானதாகையால் சாற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

ஜின்னுக்காக இந்தத் தேயிலையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். காலைத் தேநீருக்கு என்றால், பெர்கமாட் மணம் எனக்குச் சற்று அதிகம். அதற்கு வாசனை ஏற்றாத நீலகிரித் தேயிலையே போதும்.